ஒரு சாவு குறைந்த கதை

டோக்கியோவின் நெரிமாவில், நெடுங்காலமாக ஓடும் ஒரு துப்பறியும் படக்கதைத் தொடருக்குக் குராமோச்சி பின்னணி வரைந்துகொண்டிருந்தார். பிணம் கிடக்கும் அறை, பூட்டிய கதவு, உடைந்த ஜன்னல் எல்லாம் அவர் கைவேலை. முகங்களை மட்டும் தொடரின் முதலாளி ஓவியரே வரைவார்.

குராமோச்சியின் மனைவி மிட்சுயோ புற்றுநோயில் இறந்த வருஷம்தான் அவருக்கு வாய்ப்பு வந்தது. தொடரில் வந்துபோகும் ஒரு போலீஸ்காரரை நாயகனாக்கி, தன் பெயரிலேயே ஒரு கிளைக்கதை வரையலாம். போலீஸ்காரருக்கு ஒரு மனைவி தேவைப்பட்டாள். குராமோச்சியின் பேனாவில் மிட்சுயோவின் முகம் வந்தது.

எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் பத்திரிகைக்குப் போடும் ஓட்டு அதற்கு விழவில்லை. பத்திரிகையிலிருந்து வந்த உதவி ஆசிரியர் ஹயாசே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"மன்னிச்சுக்கங்க குராமோச்சி சான். அடுத்த இதழோட முடிச்சுடுவோம். கடைசியில அந்தப் பொண்டாட்டியக் கொன்னுடுங்களேன். ஜனங்க அழுவாங்க, புத்தகமாப் போட்டா விக்கும்."

"அவ சாக வேண்டாம்."

"வெறும் கதைதானே?"

"ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாத்துட்டேன்யா. இன்னொரு தடவ என் கையால முடியாது."

கடைசி அத்தியாயத்தில் போலீஸ்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி மிசோ சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

வரைந்த பக்கங்களை வாங்கிப்போக வந்த ஹயாசே, "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு. ஆனா மை காயட்டும், கொஞ்சம் உக்காருங்க."

மை எப்போதோ காய்ந்திருந்தது. ஹயாசே அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கிளைக்கதை புத்தகமாக வரவேயில்லை.