ஆளில்லாத வாசலுக்கு ஒரு வாங்க

“…அது ஆரா இருந்தா என்னுங்க? ஊட்டுக் கதவு தொறந்துச்சுன்னா மொதல்ல வாங்கன்னு சொல்லோணும். வந்தது ஆருன்னு அப்புறம் பாத்துக்கலாமுங்க,” என்றார் கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்த அம்மா.

அவர் பேசியது ஒரு பேயைப் பற்றி. பேசிய இடம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் விஸ்காம் துறை. மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பேய்ப்படத்தின் தொடக்கத்தை மட்டும், இரண்டு நிமிடத்துக்கு, எடுத்து வர வேண்டும். அதற்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த மூன்று பேரில் நான் ஒருவன்.

என்னை அங்கே அழைத்தது எனக்கே ஆச்சரியம்தான். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கேமராவை வாங்கிய பிறகுதான் அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், எடிட்டிங்கை இரண்டு மூன்று கல்யாணங்களைக் கெடுத்த பிறகு. உடுமலைப்பேட்டையில் ஒரு முகூர்த்தத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து என் கேமராவில் டேப் தீர்ந்துபோனது. நான் வியர்த்து நின்றபோது மாப்பிள்ளையின் பெரியப்பா தோளில் தட்டி, “அதுக்கென்னுங்க தம்பி, இன்னொருக்கா கட்டச் சொன்னாப் போச்சு,” என்றார். பொண்ணு சிரித்த சிரிப்பில் மாலை நழுவியது. இந்த மாதிரிப் பேச்சுகள்தான் எனக்குச் சேர்ந்த சொத்து. எடுத்த வீடியோக்கள் மறந்துபோகின்றன, யார் என்ன சொன்னார்கள் என்பது மறப்பதில்லை.

துறைத் தலைவர் சென்னைக்காரர். நல்ல மனிதர். பேய்ப்படங்களைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். எங்கள் கையில் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஐந்து கட்டங்கள்: இடம், வெளிச்சம், ஒலி, எதை மறைத்து எதைக் காட்டுகிறார்கள் என்பது, கடைசியாக, மாட்டிக்கொண்ட பாத்திரத்தின் பயம். ஒரு கட்டத்தில் பூஜ்யம் விழுந்தாலும் படத்தைத் திரும்ப எடுத்து வர வேண்டும் என்பது அவர்கள் விதி. மூன்றாவது ஆள், கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற இளம் ஆசிரியை. “எனக்குப் பேய்ப்படம்னாலே ஆகாதுங்க. வேலைக்குச் சேரும்போது இதச் சொல்லவே இல்ல,” என்று என் காதோடு சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அந்த ஐந்து கட்டங்களைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. கல்யாண வீடியோவிலும் இதே கதைதானே. முதலில் பிள்ளையார், பிறகு வாழைமரம், பத்திரிகை, பன்னீர்ச் செம்பு, வாசலில் நின்று வரவேற்பு. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாற்றினால் வீடு தேடி வந்து கேட்பார்கள். பார்க்க உட்கார்கிறவருக்கு நாம் கொடுத்த வாக்கு அது. அதே சமயம் வரிசையை மட்டும் ஒழுங்காகச் செய்த வீடியோவை எந்த வீட்டிலும் இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டையும் நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டவன்.

காலையிலிருந்து ஆறு படம் பார்த்தோம். ஆறிலும் வாக்கு தவறவில்லை. டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. ஊஞ்சல் தானாக ஆடியது. செல்போனில் சிக்னல் போனது. கண்ணாடியில் ஒருத்தி வந்தாள், திரும்பிப் பார்த்தால் இல்லை. தலைமுடியை முகத்தில் போட்டுக்கொண்டு வெள்ளைச் சேலையில் வந்த பெண் மூன்று படங்களில் ஒரே பெண். தென்னந்தோப்பில் எடுத்த படத்தில், பேய் வருகிற சமயத்தில் எங்கிருந்தோ மயில் அகவிவிட்டது. பேயாக நடித்த பெண்ணே ஒரு கணம் நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். அதை வெட்டாமல் விட்டிருந்தான், எடுத்த பையன். நான் அவனுக்கு ஒலியில் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டேன், சிரித்ததற்கு.

ஏழாவதாக வந்தவள் காங்கேயத்துப் பெண். அரியர் வைத்திருந்த ஒரே பாடம் இதுதான். இதை முடித்துவிட்டால் படிப்பு முடிந்தது. சென்னையில் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவில் வேலை சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும், படிப்பை முடித்த தாளோடு. இதையெல்லாம் அவள் எங்களிடம் சொல்லவில்லை. அவள் கூட்டிவந்திருந்த அம்மாதான் காலையில் வராந்தாவில் என்னிடம் சொன்னார். தேங்காய் எண்ணெய் மில்லில் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவர். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலையில் வந்திருந்தார். “நானுந்தானுங்க நடிச்சிருக்கறேன். பேயா இல்லீங்க, பேயப் பாக்கறவளா,” என்று கொஞ்சம் வெட்கப்பட்டார். நடிக்க வேண்டிய தோழிக்குக் காய்ச்சல் வந்ததால் கிடைத்த வாய்ப்பாம்.

படம் ஓடியது. முதல் ஒரு நிமிடம் அம்மா வேலை செய்கிற அந்த மில்லைத் தவிர எல்லாமே மற்றப் படங்களில் பார்த்தது. மில் எந்திரத்தின் ஓசை, அது சட்டென்று நிற்பது, மினுக்குகிற பல்பு, சுவர்க் கடிகாரம். மில்லில் ஆள் குடியில்லாத பழைய வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பகலில், சன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கி எடுத்திருந்தார்கள். ஒரு சாக்கு நழுவி, தரையில் ஒரு உள்ளங்கை அளவு மத்தியான வெயில் விழுந்துகிடந்தது. வெளிச்சத்தில் நான் தாராளமாகக் குறைத்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார். கதவு தானாகத் திறக்கிறது. மெதுவாக, முனகலோடு. வாசலில் யாரும் இல்லை. அம்மா நிமிர்ந்து பார்க்கிறார்.

நாங்கள் அலறலுக்குக் காத்திருந்தோம்.

அம்மா முகம் மலர்ந்து எழுந்தார். “வாங்க,” என்றார்.

அறை முழுவதும் சிரித்தது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரிசையில் அம்மாவும் சிரித்தார், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில். திரையில் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலைப் பார்க்கப் போட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்தார். சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் காலி வாசலை மறுபடி பார்த்தார். இந்த முறை பார்வை கீழே போனது, ஒரு குழந்தையின் உயரத்துக்கு.

“நீயும் வா கண்ணு,” என்றார்.

திரை கறுத்தது. படத்தின் பெயர் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் தொங்கவிட்டிருந்த கால்களை மெதுவாக நாற்காலி மேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

விளக்குப் போட்டதும் துறைத் தலைவர்தான் பேசினார். “என்னம்மா இது? பேய்ப்படம் எடுத்துட்டு வான்னா பேய்க்குத் தண்ணி குடுத்து அனுப்பறீங்க. பயப்படவே இல்லையே அந்த கேரக்டர்.”

பெண் கைகளைப் பிசைந்தாள். “ஏழு டேக் எடுத்தேனுங்க சார். ஏழுலயும் வாங்கன்னு சொல்லிப்போட்டாங்க.”

“ஒண்ணுல கூட அலறலையா?”

“ஒரு டேக்ல அலறுனாங்க சார். மொதல்ல வாங்கன்னு சொல்லிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து அலறுனாங்க.”

மறுபடி சிரிப்பு. “அந்தக் கொழந்தை யாரு? ஸ்கிரிப்ட்ல இல்லையே,” என்று ஆசிரியை கேட்டார்.

“அது நாந்தானுங்க மேடம். வெளிய குத்தவெச்சு உக்காந்துட்டு, கயித்தக் கட்டிக் கதவ இழுத்துட்டு இருந்தேன். கேமராவுக்குத் தெரியாது. அம்மா நின்ன எடத்துக்குத் தெரியும். என்ற புள்ள எதுக்கு வெயில்ல உக்காந்திருக்குதுன்னு கூப்புட்டுட்டாங்க.”

துறைத் தலைவர் சிரித்துவிட்டார், ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. “எல்லாம் சரிம்மா. கடைசிக் கட்டத்துல நான் என்ன போடறது? பூஜ்யம்தான் போட முடியும். ரீஷூட் பண்ணி அடுத்த மாசம் கொண்டு வா. பேய் வந்தா வாங்கன்னு சொல்றது எந்தப் படத்துல இருக்கு?”

பின்னால் அம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அடுத்த மாதம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை கையைவிட்டுப் போகிறது, அதுவும் தன்னால். எழுந்து நின்றார். “சார், எம்மேலதானுங்க தப்பு. என்ற புள்ளமேல இல்லீங்க,” என்று ஆரம்பித்தார். “ஆனா நானென்ன பண்ணட்டுங்க, கதவு தொறந்தா அந்த வார்த்த தானா வந்துருது. ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தாலும் சரி, கரண்டு பில்லுக்காரர் வந்தாலும் சரி…” அதற்கு மேல் அவர் சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

நான் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எடிட்டிங் செய்கிறவன் என்ற முறையில் அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. “ஏனுங்க அம்மணி, அந்த அலறுன டேக்ல வாங்கங்கறத மட்டும் வெட்டி எறிஞ்சிருந்தா வேல முடிஞ்சுதே. ஏன் வெட்டல?”

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “வெட்டிப் பாத்தேனுங்க. அலறுற டேக்ல அம்மா நடிக்கறாங்கன்னு தெரியுது. இதுல எங்கம்மா இருக்காங்க. ஆருன்னே தெரியாம உள்ள கூப்புடறாங்க. பாக்கப் பாக்க எனக்குத்தானுங்க பயமா இருந்துச்சு. போகாதம்மான்னு சொல்லணும்போல.”

துறைத் தலைவர் எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்கு அழைத்தார். மூன்று டீ வந்தது. அவர் தாளை மேசையில் வைத்தார். கடைசிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

“சார், இது உங்க ஊர்ப் பழக்கம். உங்களுக்கு ரசிக்கத் தோணும். வெளியூர்க்காரனுக்கு இதுல என்ன பயம்?”

என்னிடம் பெரிய வாதம் எதுவும் இல்லை. வாசலில் நின்று வாங்க சொல்கிறவர்களை இத்தனை வருடமாகப் படம் பிடித்திருக்கிறேன். பிடிக்காத சம்பந்திக்குச் சொல்கிற வாங்க, கடன்காரருக்குச் சொல்கிற வாங்க, வரமாட்டார் என்று நினைத்தவர் வந்து நிற்கும்போது தொண்டையில் சிக்குகிற வாங்க. எல்லாம் எதிரே ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னவை. முகமே இல்லாத வாசலுக்கு, அதே மலர்ச்சியோடு, ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு முதுகு சில்லென்றது. இதைச் சொன்னேன். படத்தின் முதல் பாதி இரவல் என்றும், வெளிச்சம் மோசம் என்றும் சேர்த்தே சொன்னேன்.

ஆசிரியை டீயை ஊதிக்கொண்டே, “இன்னிக்கு ஊட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட, கதவு தட்டுனா மொதல்ல ஆருன்னு கேளுன்னு சொல்லப்போறேனுங்க சார். கேக்க மாட்டாங்க. அதான் பயமே,” என்றார்.

துறைத் தலைவர் இன்னும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“சார், நீயும் வா கண்ணுன்னு அந்தம்மா சொன்னப்ப, நீங்க எதுக்குங்க திரும்பி நம்ம ரூம் கதவப் பாத்தீங்க?”

“நான் பார்க்கலையே.”

“பாத்தீங்க சார்,” என்றார் ஆசிரியை. “நானும் பாத்தேன். நீங்க பாத்ததையும் பாத்தேன்.”

அவர் டீயை வைத்தார். தானாகச் சிரிக்க ஆரம்பித்தார். “கதவு சரியா சாத்தியிருக்கான்னு பார்த்தேன்யா,” என்றார். சொல்லும்போதே அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை எடுத்தார். அலறல் இல்லாத குறைக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் இருபதுக்குப் பன்னிரண்டு போட்டார். ஐந்தையும் கூட்டினோம். பெண் தேறிவிட்டாள், நன்றாகவே. “எந்த டேக்னு அவ எடுத்த முடிவுக்குத்தான் இந்தப் பன்னிரண்டு,” என்று கையெழுத்துப் போட்டார்.

தாளை அவரே எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். பின்னால் நாங்கள். அடுத்த மாணவர் படத்தைத் தயார் செய்வதற்காக அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். சத்தம் உள்ளே வராத கனத்த கதவு அது. அவர் தள்ளியதும் ஒரு நீண்ட முனகலோடு, மெதுவாகத் திறந்தது.

வெளியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில், அம்மா கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில் இருந்தார். எழுந்துவிட்டார். வாய் திறந்தது. உடனே முன்வரிசையில் இருந்த மகளைப் பார்த்தார், கலங்கிப்போய்ச் சேலைத் தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில் தலை ஆடியது. இன்னொரு கை மட்டும், பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து, இழுத்து, துறைத் தலைவரைப் பார்க்கப் போட்டது.