எண்ணூறு வெள்ளிக்குப் பேசி முடித்தவள்

இந்த ஊரில் கல்யாணம் செய்துவைக்கும் குருக்களின் கட்டணம் வாட்சப்பில் பட்டியலாக வருகிறது. ஓமத்தோடு என்றால் ஒரு விலை, தாலி கட்டு மட்டும் என்றால் வேறு விலை, சாலைச் சுங்க டோலுக்கும் பெட்ரோலுக்கும் தனி. தூத்துக்குடியில் அந்தத் தொகையை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள்; குறைந்திருந்தால் ஐயரின் முகம் சொல்லிவிடும். வெளிநாட்டு வேலைக்கு வந்து நான் தங்கியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மூன்று முறை படித்தேன். ஆயிரத்து இருநூறு வெள்ளி; இந்த நாட்டுப் பணத்தைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மாப்பிள்ளை நவீன் வீட்டார் கிள்ளான்காரர்கள், நல்லவர்கள். குருக்கள் செலவு பெண் வீட்டாருடையது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லை, அம்மாவின் இருதயம் விமானம் ஏறாது. பெண் வீட்டார் என்றால் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை காலை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். குருக்கள் அறுபது வயதுக்காரர், இங்கேயே பிறந்தவர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். நான் பெயரைச் சொல்லி, "கொஞ்சம் குறைச்சுக்கணும் சாமி" என்றதும் சிரித்தார்.

"மறுபடியுமா? நேத்துதான் உங்க அக்கா வந்து எண்ணூறுக்குப் பேசி முடிச்சிட்டுப் போனாங்கலா."

நவீனின் அக்காவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டேன்.

"இல்லலா. பொண்ணோட அக்கா. நம்ம கிள்ளான் பேச்சு இல்ல, உங்க ஊர்ப் பேச்சு. 'எங்க பாப்புக்கு யாருமில்ல, பாத்துச் சொல்லுங்க'ன்னு நின்னாங்க. பாப்புன்னா நீங்கதானே?"

அந்தப் பெயர் இந்த நாட்டில் எவருக்கும் தெரியாது, நவீனுக்கும்கூட. எனக்கு ஒரே அக்கா, அகிலா. அவளுக்கு நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அச்சாகி வந்த வாரம் காய்ச்சலில் படுத்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். ஏழு வருடமாகிறது.

காப்பி கொண்டுவந்த குருக்களின் மனைவி, கேட்காமலே சொன்னார். "உள்ள வாங்கன்னேன், வரலம்மா. வாசல் கேட் பக்கத்துலயே நின்னாங்க. ஒரு கால தூக்கி இன்னொரு முட்டியில தேச்சுக்கிட்டு, கொக்கு மாதிரி."

மீன்காரம்மாவிடம் அகிலா பேரம் பேசுவது அப்படித்தான். விலை படியும்வரை அந்தக் கால் கீழே இறங்காது.

ஆயிரத்து இருநூறையும் எடுத்து மேசையில் வைத்தேன். முழுத் தொகையைக் கொடுத்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. குருக்கள் நானூறை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"வாக்கு குடுத்துட்டேன்மா. வாங்கக்கூடாது."

நவீன் கேட்டுவிட்டு, "ஆபீஸ்ல யாராவது விளையாடியிருப்பாங்க" என்றான். எல்லோரையும் விசாரித்தேன். ஒருவரும் கிள்ளான் பக்கமே போகவில்லை. பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் இருந்தது. ஏழு வருடத்தில் என் கனவில்கூட வராதவள், கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத மனிதரிடம் பேசிவிட்டு என்னைப் பார்க்காமலே போயிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அழுவாளோ என்று பயந்தேன்.

"எவ்வளவு கொறச்சா?" என்றாள் அம்மா.

"நானூறு."

"ம். இன்னும் கொறச்சிருப்பா. சாமி காரியம்னு விட்டிருப்பா."

கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. பெண் வீட்டார் படத்துக்கு மேடை ஏறியவர்கள் என் அலுவலகத் தோழிகள் நான்கு பேர். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தோம். "கிட்ட வாங்கக்கா, கிட்ட வாங்க" என்று படம் எடுப்பவர் இரண்டு முறை சொன்னார். ஒருவரும் நகரவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது, அங்கே ஆள் நிற்பதுபோல இருந்தது என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

கிள்ளான் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் ஸ்டூடியோக்காரர்கள் அந்த இடைவெளியை நீக்கி எங்களை நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெட்டாத பிரதியை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். தூத்துக்குடிச் சுவரில் நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறேன்.