எழும்பிப் போனவ

எனக்கு உந்தப் பேய் பிசாசுக் கதையளிலை ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை, அதை முதல்லை சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லுவன். இருபத்திரண்டு வருசமா நேர்ஸா இருக்கிறன், எல்லாருக்கும் நான் மிஸி. ஆள் செத்த கட்டிலைத் துடைச்சுப்போட்டு அதுக்குப் பக்கத்திலையே நிண்டு பாண் சாப்பிட்டிருக்கிறன். இதைக் கேட்டிட்டு, மிஸிக்கும் ஆரோ மருந்தை ஏத்திப்போட்டினம் எண்டு நீங்கள் சிரிப்பியள். சிரியுங்கோ. எனக்கு ஒரு சொட்டும் ஏத்தேல்லை, நான் பக்கத்துக் கதிரையிலை இருந்தவள்.

வெளிநாட்டிலை படிச்சிட்டு வந்த ஒரு டொக்டர் எங்கடை ஆஸ்பத்திரி மனநோய்ப் பகுதியிலை, எந்தக் குளிசைக்கும் சரிவராத ஆக்களுக்கு கெற்றமீன் குடுக்கத் தொடங்கினவர். ஒப்பரேசனுக்கு மயக்கிறதுக்குப் பாவிக்கிற மருந்துதான், ஆனா இது கொஞ்சமா, சேலைனோடை நாற்பது நிமிசம் மெல்ல மெல்ல ஏத்திறது. ஆள் முழுக்க மயங்காது, கதைக்கும், ஆனா எங்கையோ போயிருக்கும். அந்த நேரம் பிறசர் பாக்கிறதும் அவை சொல்லுறதைக் கொப்பியிலை எழுதிறதும் என்ரை வேலை. பேந்து அதை வைச்சுத்தான் டொக்டர் அவையோடை கதைப்பார். கனபேருக்குச் சுகம் வந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

இணுவிலிலை இருந்து சுகந்தி எண்டு ஒரு ரீச்சர் வந்தவ, கணக்குப் படிப்பிச்சவ. ஏழு வருசமா ஒண்டிலும் மனமில்லை, குளிக்க மனமில்லை, பிள்ளையளில்லாத வீடு, புருசன்காரன்தான் தலை வாரி இழுத்துவிட்டு, சோறு தீத்தி, கூட்டிக்கொண்டு வருவார். வெங்காயத் தோட்டம் செய்யிற மனுசன், கை நகமெல்லாம் மண். ஒவ்வொரு புதன்கிழமையும் காலமை கொண்டுவந்து விட்டிட்டு வெளியிலை கிடக்கிற மரவாங்கிலை இருப்பார்.

மருந்து ஏறேக்கை ரீச்சர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைத்தான் சொன்னவ. நீட்டு மண்டபம், யன்னல் இல்லை, நிலம் ஈரம், கதிரையள் எல்லாம் சுவரைப் பாத்தபடி போட்டிருக்கு, அதிலை ஒண்டிலை தான் இருக்கிறாவாம். எழுதி எழுதி எனக்கே அது பாடமாப் போச்சு. ஆறாவது முறை, சேலைன் முடியிற கட்டத்திலை, என்ரை கையைப் பிடிச்சா. அவவின்ரை கை நல்லாக் குளிர்ந்திருந்தது.

“மிஸி, என்னை இஞ்சை விட்டிட்டு அவ எழும்பிப் போறா.”

ஆர் போறது எண்டு கேட்டன். அதையும் கொப்பியிலை எழுதினன். பத்து நிமிசத்தாலை கண்ணை முழிச்சு, பசிக்குது எண்டு சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் முதல்தரம் அண்டைக்குத்தான் கண்டனான். டொக்டர் கொப்பியைப் பாத்திட்டு, நல்ல அறிகுறி, வருத்தத்தை விட்டிட்டு எழும்பி வந்திருக்கிறா எண்டார். உண்மையிலையே சுகம்தான். அடுத்த மாசம் திரும்பவும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கீட்டா.

பேந்து ஒரு இரண்டு மாசத்தாலை குருநகரிலை இருந்து மரியதாஸ் எண்டு ஒரு கடல்தொழிலாளி வந்தவர். வள்ளம் கவிண்டு தம்பியைப் பறிகுடுத்த நாளிலை இருந்து கதை பேச்சில்லாத மனுசன். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் முறை. ரீச்சரை ஒருநாளும் கண்டதில்லை, நான் அடிச்சுச் சொல்லுவன், ஏனெண்டா ரீச்சர் வாறது நிண்ட பிறகுதான் இவர் வரவே தொடங்கினவர்.

முதல் நாளே, மருந்து பாதி ஏறேக்கை, நிலம் ஈரமாக் கிடக்கு எண்டார். எனக்குப் பேனை நிண்டிட்டுது. நான் வாயே திறக்கேல்லை, நம்பினா நம்புங்கோ, ஒரு கேள்வியும் கேக்கேல்லை. அவராத்தான் சொல்லிக்கொண்டு போனார், கதிரையளாம், சுவராம், மற்றக் கதிரையிலை ஒரு பொம்பிளையாம்.

“இணுவிலாம், ரீச்சராம். எழும்ப ஏலாதாம். தன்ரை செருப்பையும் போட்டுக்கொண்டு ஆரோ வெளியாலை போயிட்டினமாம். தன்ரை மனுசனிட்டைச் சொல்லிவிடட்டாம் மிஸி.”

பகல் பதினொரு மணி, வெளியிலை சாப்பாட்டு வண்டில் போற சத்தம் கேக்குது, நான் கொப்பியிலை ரீச்சரின்ரை பக்கத்தைத் திருப்பிப் பாத்தன், அதே மண்டபம்தான்.

டொக்டரிட்டைச் சொன்னன். அவர் பொறுமையாக் கேட்டார். ஒரே அறை, ஒரே மருந்து, காதிலை விழுகிற சத்தமும் ஒண்டு, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தோன்றலாம் எண்டார். இணுவில் எண்டதும் ரீச்சர் எண்டதும்? வாட்டிலை ஆரும் கதைச்சது காதிலை விழுந்திருக்கும் எண்டார். இருக்கும். நானும் அப்பிடித்தான் நினைக்கப் பாத்தன்.

மரியதாஸ் அடுத்த முறைக்கு வரேல்லை. வீட்டை ஆளனுப்பினம், மாட்டன் எண்டிட்டாராம். அந்தப் பொம்பிளை தன்னைப் பிடிச்சுக்கொண்டு அழுதவவாம், தன்னாலை அவவை எழுப்ப ஏலாதாம், தம்பியையும் இழுத்தெடுக்க ஏலாமப் போனதுதானாம். பேந்து சாப்பாட்டையும் விட்டிட்டார். மாரி முடியமுதல் அவரின்ரை மனுசி வந்து கிளினிக் கார்ட்டைத் திருப்பித் தந்திட்டுப் போனா. கட்டியிருந்த கறுப்புச் சீலையைப் பாக்கவே, மனுசன் இல்லை எண்டு விளங்கீட்டுது.

அதுக்குப் பிறகு ஒரு பின்னேரம் மினிபஸ் எடுத்து இணுவிலுக்குப் போனன். என்னத்தைச் சொல்லப் போனனோ தெரியாது. வீட்டு வாசல் படலையடியிலை நிண்டு பாத்தன். ரீச்சர் கொடியிலை உடுப்பு எடுத்துக்கொண்டு நிண்டவ, நல்ல நிறம் வைச்சு, கொஞ்சம் உடம்பும் போட்டு. என்னைக் கண்டிட்டு வாங்கோ மிஸி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டா. அவசரம் எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே திரும்பீட்டன். சுகமாயிருக்கிற மனுசியைக் காட்டி, இது உங்கடை மனுசி இல்லை எண்டு ஒரு மனுசனுக்குச் சொல்ல ஏலுமே? சொன்னாலும், அங்கை இருக்கிறவவைக் கூட்டிக்கொண்டு வர ஆரிட்டை வழி இருக்கு?

அதுக்குப் பிறகு அந்த மருந்தும் வாறது நிண்டு, டொக்டரும் மாற்றமாகிப் போயிட்டார். இப்ப அந்த அறையிலை பழைய கட்டிலும் கதிரையும் மட்டும்தான் கிடக்கு.

போன வருசம் ஒரு புதன்கிழமை நான் அந்தப் பக்கம் போகேக்கை, உள்ளுக்கை ஒராள் இருக்கிறது தெரிஞ்சுது. ரீச்சரின்ரை புருசன். நான் முந்தி இருந்த கதிரையிலை, வெறுங்கட்டிலைப் பாத்தபடி. நாற்பது நிமிசம் மட்டிலை இருந்திட்டு எழும்பிப் போனார். அடுத்த புதனும் வந்தார். இப்பவும் வாறார்.

ஒருநாள் கேட்டுப்போட்டன், ஏன் அண்ணை இஞ்சை வந்து இருக்கிறியள், ரீச்சர் வீட்டிலை தனியவெல்லோ எண்டு.

அவர் கட்டிலிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை.

“வீட்டிலை இருக்கிறவவுக்கு ஒரு குறையுமில்லை மிஸி,” எண்டார். “இவதான் தனிய.”

மரியதாஸ் சொன்னதிலை ஒரு சொல்லும் நான் அவருக்குச் சொன்னதில்லை.