அரைமுழத்தின் கை

என் தம்பி தையற்காரன். ஊரில் அவனுக்கு அரைமுழம் என்று பேர். யார் துணி கொடுத்தாலும் அரை முழம் அவன் மெஷினுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குப் போய்விடும். கூடப் பிறந்தவள் நானே சொல்கிறேன், என் ரவிக்கைத் துணியிலும் எடுத்தவன்தான்.

நாற்பது வயசில் மனம் திரும்பி ஞானஸ்நானம் எடுத்தான். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். மூணே வாரம். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா நீலப் பட்டுத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். அன்று சாயங்காலம் என் அடுப்படி வாசலில் முகம் செத்துப்போய் நின்றான்.

"அக்கா, முழுசாத்தான் முங்கி எழுந்தேன். இந்தக் கை மட்டும் நனையல போல."

மடியிலிருந்து நீலத் துண்டை எடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு நான் வரல. அது என்னை மாதிரி ஆளுக்கு இல்ல."

"பின்ன யாருக்காம்? தப்பே பண்ணாதவங்களுக்குன்னா போதகர் தனியாத்தான் சாப்பிடணும். அவரும் சந்தேகந்தான்."

அவன் சிரிக்கவில்லை. "சத்தியம் பண்ணிப் பாத்தேன். மணிக்கட்டுல கயிறு கட்டிப் பாத்தேன். சாக்பீஸ் தானா அரை முழம் உள்ள தள்ளிக் கோடு போடுது."

"உன் கயித்தை நம்புற. மன்னிச்சவரை எப்ப நம்பப்போற? கத்தரிக்கோலைத் தொடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேளு, என்னால முடியல, நீர் என் கையைப் பிடியும்னு. வெட்டினப்புறம் அழுதா துணி ஒட்டுமா?"

இவ்வளவு பேசிய நான்தான், "மீந்த துணின்னு சொல்லிக் குடுத்துடு, மானம் போகாது" என்றும் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் பாதி வழியில் திரும்பிவிடுவானோ என்று கூடவே போனேன். அவன் அந்த அம்மாள் வாசலில் நின்று, "இது மீந்தது இல்லம்மா, நான் எடுத்தது. மன்னிச்சுக்கோங்க" என்றான். அந்த நிமிஷம் அவன் எனக்கு அண்ணனாகிவிட்டான்.

அந்த அம்மாள் மன்னிக்கவில்லை. மற்ற துணியையும் வாங்கிக்கொண்டு வேறு தையற்காரனிடம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வந்தான். அப்பம் வாங்க அதே வலது கையைத்தான் விரித்து நீட்டினான்.

இது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வெட்டுவதற்கு முன்னால் இரண்டு கையையும் துணிமேல் விரித்து வைத்துக் கண்ணை மூடுகிறான். விரலகல வெட்டுத் துண்டைக்கூட முடிச்சுக் கட்டி, தைத்த துணியோடு கொடுத்துவிடுகிறான். "இந்தக் குப்பை எனக்கெதுக்கு, அரைமுழம்?" என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். பேர் போகவில்லை. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

போன வாரம் கேட்டேன். "இன்னுமாடா கை அரிக்குது?"

"சில நாள் அரிக்குதுக்கா. துணி ரொம்ப நல்லதா இருந்தா ரெண்டு தரம் ஜெபம் பண்ணிக்கிறேன்."