வெட்டக் கொடுக்காத குழாய்

என் குழாயை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வானிலை ரேடாருக்கான மைக்ரோவேவ் பெருக்கிக் குழாய் அது. எதிர்மின்முனை சூடானதும் எலக்ட்ரான் கற்றை கிளம்பி, செம்பு அறைகள் வழியே ஓடி, சின்ன அலையைப் பெரிய அலையாக்கும். உள்ளே துளிக் காற்றும் இருக்கக் கூடாது. வடிவமைத்தது நான். கீழே மதுரையில் முழு மின்னழுத்தத்தில் அலுங்காமல் ஓடியது. மலைமேல் செண்பகனூர் சோதனைக் கூடத்துக்கு ஏற்றிவந்து மூடிய பெட்டிக்குள் மாட்டினால், முழு அளவை எட்டும் முன்பே படீரென்று பொறி வெட்டி அணைந்துவிட்டது.

“மலை காட் ரோட்டுல குலுங்கி வந்ததுல விரிசல் விட்டு உள்ள காத்து பூந்திருக்கும்மா. வெட்டிப் பாத்துருவோம்,” என்றார் அவர். வெட்டினால் முடிந்தது கதை. அப்புறம் வெளிநாட்டுக் குழாய்தான் வாங்குவார்கள். எங்கள் வடிவமைப்பை மூட்டை கட்டிவிடுவார்கள்.

கூடத்து டெக்னீஷியன் அண்ணன் உள்ளூர்க்காரர். மலையில் எது கெட்டாலும் பழி மஞ்சு என்கிற மூடுபனி மேல்தான். உப்பு கசிந்தாலும் மஞ்சு, டிவி படம் ஆடினாலும் மஞ்சு. “ஈரம் எறங்கிக் கெடக்குங்க மேடம். வெயிலடிக்கட்டும், காயவச்சுப் பாப்பம்,” என்றார். மறுநாள் நல்ல வெயில். ஹீட்டரும் வைத்தோம். மறுபடியும் அதே பொறி.

“இன்னும் ஒரு நாள் குடுங்க சார்,” என்றேன் தலைமைப் பொறியாளரிடம்.

“எதுக்கும்மா?”

“தெரியல. ஆனா வெட்டக் குடுக்க மாட்டேன்.”

எரிச்சலோடு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன். கீழே வத்தலக்குண்டிலிருந்து வந்த சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கடைக்காரர் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் வயிறு உப்பிக் கிடந்தது. அடக்கடவுளே. மேலே வர வர வெளிக்காற்று மெலிவதால்தானே பாக்கெட் உப்புகிறது? மெலிந்த காற்றில் மின்சாரம் சுலபமாகத் தாவும். பொறி வெட்டியது குழாய்க்குள் இல்லை; வெளியே, மின்கம்பி மாட்டும் கழுத்தில். நான் இதே மலையில், கவுஞ்சியில் பிறந்து வளர்ந்தவள். கீழேயிருந்து வருகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்; எங்களுக்கு இதுதான் காற்று. அது மெலிந்த காற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். “அண்ணே, டிரான்ஸ்பார்மர் எண்ணெய் இருக்கா?”

“ஒரு கேன் கெடக்கு. அதுல என்ன சோலி?”

பிளாஸ்டிக் வாளியில் எண்ணெயை ஊற்றி, குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் கழுத்து முழுக முக்கி நிறுத்தினோம். எண்ணெய்க்குள் மின்சாரம் அவ்வளவு லேசில் தாவாது. தலைமைப் பொறியாளர் வாளியை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பஜ்ஜி போடப் போறீங்களா?”

“ஆமா சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

மின்னழுத்தத்தை ஏற்றினேன். பொறி வெட்டிய அளவைத் தாண்டியது. நான் விடவில்லை. முழு அளவு வந்தது. சத்தமே இல்லை. வெளியீட்டு மீட்டரின் முள் மெல்ல எழுந்து நின்றது.

“போதும், எறக்கிருவமா?” என்றார் தலைமைப் பொறியாளர்.

“ஓடட்டும் சார்.”

மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “வெட்டியிருந்தா உள்ள என்ன சார் பாத்திருப்பீங்க?”

அவர் மழுப்பவில்லை. “ஒரு கோளாறும் பாத்திருக்க மாட்டேன். ஆனாலும் டிசைன்தான் தப்புன்னு எழுதியிருப்பேன்மா.”