தெய்வானை பிபிக் தலைவியான வருஷம்

செமாபோக்கில் ஒரு கிளினிக். என் இடது கால் பெருவிரலைச் சர்க்கரை நோய் குத்தகைக்கு எடுத்திருப்பதால், வாரம் இரண்டு முறை அங்கே போய்க் கட்டு மாற்றிக்கொள்கிறேன். போன வாரம் காத்திருந்தபோது, தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெண்மணி நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி ஓடியது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த அம்மாள் கட்டியிருந்தது புடவையா கவுனா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

"சும்மா சீட்டுதான் அங்கள். பவர் ஒன்னும் இல்ல. மாலை போட்டுக்கலாம், ரிப்பன் வெட்டலாம். அவ்ளோதான்லா" என்றார்.

அப்போது உள்ளே நர்ஸ் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குத் தெய்வானை பிபிக் ஞாபகம் வந்துவிட்டார். மேல்வரிசையில் இல்லாத இரண்டு பற்களின் இடத்தை நாக்கு தானாகப் போய்த் தடவிப் பார்த்தது.

மெர்டேக்கா வருஷம், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். நான் காஜா பேராங்கில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதும் கிராணி. சாயங்காலங்களில் எங்கள் சங்கத்துக்குக் காரியதரிசி. சங்கம் என்றால் பலகைச் சுவர், தகரக் கூரை, ஆறு பெஞ்சு, ஒரு மேசை. அதற்குள் இரண்டு கோஷ்டி. வீரையா அண்ணன் தலைமையில் லாரிக்காரர்கள்; சின்னப்பன் தலைமையில், ஆற்றில் தொங்காங் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள். எதற்காகப் பகை என்று இரண்டு பக்கமும் மறந்து வெகுகாலம். அடிப்பதை மட்டும் மறக்கவில்லை. லாரிக்காரர்கள் எஞ்சினைச் சுற்றும் இரும்பு ஹெண்டலோடு வருவார்கள். தொங்காங்காரர்கள் மூட்டை இழுக்கும் கொக்கியோடு. நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, 'கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்று குறிப்பு எழுதி முடித்துவிட்டுத்தான் ஜன்னல் வழியே குதிப்பேன். கடமை தவறியதில்லை.

சுதந்திர தினத்தன்று பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊர்வலம். எங்கள் சங்கத்துக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். கொடியைப் பிடித்துக்கொண்டு தலைவர் முன்னால் நடக்க வேண்டும். அதிலே வந்தது வினை. வீரையா நடந்தால் சின்னப்பன் ஆட்கள் பின்னால் வரமாட்டார்கள். சின்னப்பன் நடந்தால் வீரையா உயிரோடு விடமாட்டார். தலைவர் தேர்தலுக்கென்று கூட்டிய முதல் கூட்டத்தில் ஒருவனுக்குத் தோள்பட்டை கிழிந்தது, இன்னொருவனுக்கு விரல் போனது. விரலை நான்தான் பெஞ்சுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தேன்.

அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காயம் கட்டும் அறையில் ஆயா வேலை பார்த்தவர்தான் தெய்வானை பிபிக். கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். அந்தக் குடியிருப்புக்காரர்களின் மூதாதையர் நம்மவர்கள், சாமியும் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். கெபாயாச் சட்டை போட்டுச் சாரோங் கட்டுவார். வயதில் மூத்த பெண்களை அங்கே பிபிக் என்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. காயத்தைப் பார்த்தே கோஷ்டியைச் சொல்லிவிடுவார். கொக்கி என்றால் சின்ன வாய், ஆழம் அதிகம். ஹெண்டல் என்றால் பலாப்பழம் மாதிரி வீக்கம்.

அவருடைய ஒரே மகன் ராஜு. பத்தொன்பது வயது. அப்போதுதான் சின்னப்பனிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் பிபிக் முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் காயத்தை. ராஜு இல்லை என்று தெரிந்த பிறகே கைக்கு உயிர் வரும். அன்றைக்கு நான் நீட்டிய விரலையும், மகனுடையதோ என்று, அப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிபிக்கைத் தலைவியா போட்டுடுவோமே. எந்தக் கோஷ்டியும் இல்ல. தமிழும் தெரியாது. நீங்க என்ன திட்டுனாலும் சாமி மாதிரி உக்காந்திருக்கும்" என்றேன். விளையாட்டுக்குத்தான். சிரித்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் வீரையா அண்ணன் தாடையைச் சொறிந்தார்.

"போடுலா. சும்மா பேருக்குத்தானே" என்றார்.

"அவன் இல்லேன்னா எனக்கு யாரா இருந்தாலும் சரி" என்றார் சின்னப்பன்.

எல்லாக் கையும் உயர்ந்தன. பதிவேட்டில் பிபிக்கின் செத்துப்போன புருஷன் பெயர் இன்னும் உறுப்பினராக இருந்தது. அதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். சட்டம் முடிந்தது.

ஊர்வலத்துக்கு முந்திய ஞாயிறு பிற்பகல் புதுத் தலைவி வந்தார். நீலக் கெபாயா, இடுப்பில் ஒரு பெரிய எனாமல் பேசின். மாலை போட்டோம். பேசினை மேசைமேல் வைத்துவிட்டுத் தலைமையுரை ஆற்றத் தொடங்கினார். தமிழில்!

பிபிக்குக்குத் தெரிந்த தமிழ் முழுக்கக் காயம் கட்டும் அறையில் கற்றது. தையல் போடும்போது ஆண்பிள்ளைகள் என்ன தமிழ் பேசுவார்கள்? அந்தத் தமிழ்தான். "கட்டையில போறவனே" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அதற்கு மேல் அச்சில் ஏற்ற முடியாது. வீரையா அண்ணனின் தாயாருக்கு ஒரு வாக்கியம், சின்னப்பனின் பாட்டனாருக்கு இரண்டு. பொருள் தெரியாமல் சொல்லவில்லை, ஒவ்வொருவனின் தழும்பையும் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கடைசியில் பேசினைத் தட்டினார்.

"செமுவா தாரோ சினி!" எல்லாவற்றையும் இங்கே போடு.

முதல் கொக்கியைச் சின்னப்பனே போட்டார். பிறகு ஹெண்டல்கள், ஒரு சைக்கிள் சங்கிலி, ஒரு பாராங் கத்தி. மேசை கிறீச்சிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். வீரையாவின் மச்சான் முனியன் எழுந்து கேட்டான்: "அப்ப ஊருக்கு முன்னால இந்தக் கெழட்டுச் சாரோங்குக்குப் பின்னாலயா நாம நடக்கணும்?"

ராஜு பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்து அவன் வாயில் குத்தினான். பிறகு யார் யாரை என்று பார்க்க நேரமில்லை. பெஞ்சுக் கால்கள் பறந்தன. ஒருவன் முகத்தைச் சுவர்ப் பலகையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு முறியும் சத்தம் ஒன்று, விறகு ஒடிவது போல, என் பக்கத்திலேயே கேட்டது. நான் வழக்கம்போல் மேசைக்கு அடியில்.

அங்கே விருந்தினருக்கென்று வைத்திருந்த சோடா பாட்டில்கள் இருந்தன. என்ன பிசாசு பிடித்ததோ, நானும் மெர்டேக்கா வருஷத்தில் ஒரு வீரச்செயல் புரியலாம் என்று, ஒன்றை எடுத்து முனியனின் முதுகைக் குறிவைத்து வீசினேன். பந்தாட்டத்தில் என்னை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பாட்டில் ராஜுவின் இடது காதில் போய் உடைந்தது. சத்தமே போடாமல் அவன் சரிந்தான். காதிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தரைக்கு ரத்தம் ஓடியது.

தொங்காங்காரர்கள் பேசினைக் கவிழ்த்துக் கொக்கிகளை எடுத்தார்கள். முனியன்தான் எறிந்தான் என்று இரண்டு பேர் அவனைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க, சின்னப்பன் கொக்கி நுனியை அவன் தொண்டைக்குழியில் வைத்தார்.

பிபிக் மகனின் தலையை மடியில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். "சியாப்பா பூன்யா கெர்ஜா?" என்றார். யார் செய்த வேலை?

இப்போது நான் தியாகி ஆனேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. முனியனின் கண் மேசைக்கு அடியில் என்னைப் பார்த்தது. நான் எறிந்ததை அவன் பார்த்திருந்தான். கொக்கி அழுத்தியதால் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். கொக்கி கொஞ்சம் தளர்ந்தால் சொல்லிவிடுவான், தளராவிட்டால் செத்துவிடுவான். இரண்டும் எனக்கு ஒத்துவராது.

"நாந்தான் பிபிக்" என்று ஊர்ந்து வெளியே வந்தேன்.

பிபிக் மகனின் தலையை இன்னொருவன் கையில் கொடுத்தார். எழுந்து வந்தார். காலிப் பேசினை எடுத்து என் முகத்தில் அறைந்தார். அந்த இரண்டு பற்கள் அப்போது போனவை. அதைக் கண்டதும் இரண்டு கோஷ்டியும் என்மேல் பாய்ந்தன. கொக்கி தூக்கியவர்களைப் பார்த்துத் தலைவி தன் முதல் ஆணையைப் பிறப்பித்தார்: "தங்ஙான் சாஜா!" கையால் மட்டும்.

கீழ்ப்படிந்தார்கள். அத்தனை பேரும் கையால் மட்டும் அடித்தார்கள். வீரையா அண்ணன் ஒரு பக்கம், சின்னப்பன் ஒரு பக்கம். முனியன்தான் எல்லாரையும்விட நன்றாக அடித்தான். பிறகு வீரையாவின் லாரியில் சின்னப்பன் ராஜுவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த லாரியில் ஒரு தொங்காங்காரன் ஏறியது அதுதான் முதல் தடவை. என்னையும் பின்னால் மூட்டையாக எறிந்தார்கள். காயம் கட்டும் அறையில் மகனுக்குக் கட்டிய அதே கையால் பிபிக் எனக்கும் ஸ்பிரிட் போட்டார். மகனுக்கு மெதுவாக. எனக்கு அப்படியில்லை.

சுதந்திர தினத்தன்று அவர்தான் கொடி பிடித்து நடந்தார். பின்னால் வீரையாவும் சின்னப்பனும் தோளோடு தோள். தலையில் பெரிய கட்டோடு ராஜு. கடைசி வரிசையில் வீங்கிய முகத்தோடு நான். கூட்டத்தில் யாரோ என்னைப் போராட்ட வீரன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ராஜுவுக்கு அந்தக் காது கேட்காமல் போய்விட்டது. அதன் பிறகு எங்கே போனாலும் என்னைத் தன் இடது பக்கம்தான் உட்கார வைப்பான். "உன் ஜோக்கெல்லாம் இந்தப் பக்கமே கெடக்கட்டும்லா" என்பான். கல்யாண வீட்டில், பஸ்ஸில், பிபிக்கின் சாவு வீட்டில், எல்லா இடத்திலும் இடது பக்கம்.

இப்போது சங்கம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஆற்றில் சுற்றுலாப் படகுதான் போகிறது. வீட்டிலிருக்கும் பழைய கொக்கியைக் காட்டினால் பேரப்பிள்ளைகள் மீன் பிடிக்கவா என்று கேட்கிறார்கள். வீரையா, சின்னப்பன், முனியன், என்னை அடித்த எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வருஷம் ராஜுவும் போனான். அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் இல்லை. பல தடவை கேட்டிருக்கிறேன், எல்லாம் அந்தச் செவிட்டுக் காதில். எழுந்து வலது பக்கம் போய் உட்கார, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் துணிவு வரவில்லை.