தலைப்பிரட்டைகளுக்கு நல்ல தண்ணீர்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தண்ணீரைப் பற்றி எந்த இன்ஜினீயரும் என்னிடம் வாய் கொடுத்து மீள முடியாது. வங்காளத்தின் சால்ட் லேக் அடுக்குமாடிகளில் மொட்டைமாடித் தொட்டி கழுவும் தொழிலை ஒரு வாளி, ஒரு பிரஷ்ஷோடு தனியாளாகத் தொடங்கினேன். இன்று இரண்டு வண்டி, பதினாறு ஆள். தொட்டியில் மருந்து கூடவா குறைவா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் பதினோரு வயதில் தண்ணீர் விஷயத்தில் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு அதே ஊரின் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எங்களுக்கு அங்கேயே குவார்ட்டர்ஸ். பின்னால் ஒரு பச்சைக் குளம். மழை பிடித்தால் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. தங்கைக்கு அப்போது ஆறு வயது. பொம்மை, சொப்பு எதுவும் அவளுக்கு வேண்டாம். குளத்துப் படியில் குத்தவைத்து, தலைப்பிரட்டைகளோடு வங்காளியில் பேசிக்கொண்டிருப்பாள். தமிழ் அதுகளுக்குப் புரியாது என்பது அவள் கட்சி.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வரும். துறைமுகத்துக்காரர்களுக்குத் தீபாவளியெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று கிரேனுக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைப்பார்கள், வானம் முழுக்கக் காற்றாடி பறக்கும். மறுநாள் சிலையைக் குளத்தில் கரைப்பார்கள். முந்தைய வருடம் கரைத்தபோது நீலமும் சிவப்புமாகச் சாயம் படர்ந்து, மூன்றாம் நாள் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. தங்கை இரண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. அதனால் இந்த வருடம் பூஜைக்கு முன்பே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, எல்லாத்தையும் எடுத்துருவோம். சாமி தண்ணிக்குள்ள வந்தா செத்துரும்.”

“நான் இருக்கேம்லா? ஒண்ணு சாகாது, பாரு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? குவார்ட்டர்ஸ் பையன்கள் ஏழெட்டுப் பேரிடமும் மார்தட்டினேன். எல்லாவற்றையும் நானே குளத்திலிருந்து அள்ளி வைக்கிறேன், பூஜையன்று சாயங்காலம் வந்து பாருங்கள், ஒன்று செத்திருந்தாலும் என் காற்றாடி நூலையெல்லாம் அறுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

பூஜையன்று காலையில் அம்மாவின் டீ வடிகட்டியைத் திருடிக்கொண்டு போய் அள்ளினேன். சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. வீட்டு அலுமினிய அண்டாவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, மாஷி என்போம், தங்கையிடம் என்னவோ சொன்னார்.

“அண்ணே, குளத்துத் தண்ணியவே ஊத்தணுமாம். மாஷி சொல்றாங்க.”

“ஏட்டி, அந்தப் பாசித் தண்ணிய நீ குடிப்பியா? பின்ன அது மட்டும் ஏன் குடிக்கணும்?”

ஞாயம்தானே? நான் தெருக்குழாயைத் திறந்து அண்டா நிறையப் பிடித்தேன். அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு என்று குழாய்த் தண்ணீரில் மருந்து கூடுதலாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆஸ்பத்திரி வாசனை. இதைவிட நல்ல தண்ணீர் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்தேன். தலைப்பிரட்டைகளை அதில் கவிழ்த்துவிட்டு, தங்கையைக் காவலுக்கு வைத்துவிட்டுக் காற்றாடி விடப் போய்விட்டேன்.

சாயங்காலம் பையன்கள் படையோடு திரும்பினேன். எல்லாம் அண்டாவின் அடியில் கிடந்தன. கண்ணாடித் தண்ணீர் என்பதால் ஒன்றுவிடாமல் தெரிந்தது. தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“தூங்குதாண்ணே? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கேன், எந்திரிக்க மாட்டேங்குது.”

“என்னடா டாக்டர்,” என்றான் ஒருவன், “உன் ஆஸ்பத்திரில எல்லாருக்கும் ஒரே நாள்ல டிஸ்சார்ஜா?”

சிரிப்பு. என் காது சுட்டது. நான் தங்கையின் பக்கம் திரும்பினேன்.

“நீ தண்ணிக்குள்ள கைய விட்டியா?”

“ஒத்த விரலுதாண்ணே. கால் வந்ததத் தொட்டுப் பாத்தேன்.”

“அதான்! உன் கை அழுக்குதாம்ட்டி கொன்னுருச்சு.”

பையன்கள் அவளைப் பார்த்தார்கள். என்னைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். எனக்கு வேண்டியது அதுதான். காற்றாடி நூலும் தப்பியது. அவள் அழவில்லை. தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பத்தொன்பது வயதில் ஒரு பம்ப்ஹவுஸில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே இருந்த மிஸ்திரி மீன் வளர்ப்பவர். மீன்தொட்டிக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வெயில் பட வைத்திருப்பார். ஏன் என்று கேட்டேன். நமக்கு நோய் வராமல் காக்கிற குளோரின் மருந்து மீன் செவுளுக்கும் தலைப்பிரட்டைக்கும் நெருப்பு, மூச்சே விட முடியாது என்றார். வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்போது பதினாலு வயது. அவள் எல்லாம் மறந்திருப்பாள் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னேறுகிறவன் பழைய தப்பைக் கிளறக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். ஊர் முழுக்கத் தண்ணீருக்கு மருந்து அளந்து போடுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்னும் அவளிடம் சொல்ல வரவில்லை.

தலைப்பிரட்டைகள் செத்த அந்த வருடம் சிலை கரைத்த அன்றே மழை கொட்டியது. சாயம் ஊறுவதற்குள் சிலைக்குள் இருந்த வைக்கோல் சட்டத்தையும் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் அள்ளாமல் விட்டவை பிழைத்துக்கொண்டன. இரண்டு வாரத்தில் படியெல்லாம் சுண்டுவிரல் நகமளவு தவளைக் குஞ்சுகள். அவள் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. சமாதானம் செய்யலாம் என்று ஒன்றைக் கைக்குள் பொத்திக் கொண்டுபோய் நீட்டினேன்.

“இந்தா, பிடி.”

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாண்ணே. நான் தொட்டா செத்துரும்.”

பிறகு குழாயடிக்குப் போனாள். எதையும் தொடாதவள், சோப்பைப் போட்டு முழங்கை வரை கழுவினாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கழுவினாள். சமையலறை வாசலில் நின்று பார்த்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பரவாயில்லையே, நம்ம வீட்லயும் ஒருத்திக்குச் சுத்தம் தெரிஞ்சிருக்கே!”

“நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்,” என்றேன்.